ஆயுளைக் கணக்கிடுவோர்



குறிப்பிட்ட ஒரு மனிதர் எந்த நாளில் இறப்பார் என்று சொல்ல வல்லவர் உலகில் எவரும் இல்லர். ஆயினும், முப்பது வயதுடைய பதினாயிரம் பேரைக் குறித்து, அவர்களுள் ஓராண்டில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று வினவினால், உண்மைக்கு மிக நெருங்கிய விடையைத் தரவல்ல ஒரு சாரார் இருக்கின்றனர். இறப்பவர் யார் என்பதை அவர்கள் அறியார். எத்தனை பேர் என்பதை அறிவர். அந்த அறிவைக் கொண்டே இன்ஷூரன்ஸ் நிலையங்கள் பிரீமியம் விதிக்கின்றன. ஓய்வூதிய நிதிகள் பிற்காலத்திற்குப் பணம் ஒதுக்குகின்றன. அவர்களை ஆங்கிலத்தில் 'ஆக்சுவரி' என்பர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் நெடுநாளாகத் தொல்லை கொடுத்து வருகிறது. இந்தியில் 'பீமாங்கக்' என்று ஒரு சொல்லை ஆக்கி வேலையை முடித்துவிட்டார்கள். தமிழிலோ காப்பீட்டுக் கணிப்பாளர் என்று ஒருவர் எழுத, ஆயுள் மதிப்பீட்டாளர் என்று மற்றொருவர் திருத்துகிறார்; ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் பெயர்த்து வைத்துவிட்டு நிம்மதி அடைவோரும் உண்டு. அதன் லத்தீன் மூலத்திற்கு எழுத்தர் என்பதே பொருள். 1762-ஆம் ஆண்டில் லண்டனில் நிறுவப்பெற்ற ஈக்விடபிள் சங்கம் தன் அலுவலருக்கு அப்பெயரைச் சூட்டியது, அது நிலைத்துவிட்டது. இன்று நான் இவர்களை ஆயுள் கணிப்பாளர் என்றே குறிப்பிடப் போகிறேன். ஜோதிடரை நினைவூட்டுகிறதே என்று நேயர்கள் குறை கூறக்கூடும். இருவருக்கும் ஒரு பொருத்தம் இல்லாமலும் இல்லை. பிறந்த தேதி சரியாகக் கிடைக்காவிட்டால் இருவருடைய கணக்கும் பிழைபட்டுப் போகும்.

ஆயுள் கணிப்பாளரின் முதற்கருவி ஆயுள் அட்டவணை. ஒரே நாளில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்ததாகக் கொண்டு, ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவர்களுள் எத்தனை பேர் உயிருடன் எஞ்சியிருப்பர் என்று நூறு வயது வரை வரிசையாக எழுதிச் செல்லும் பட்டியலே அது. அதிலிருந்து பிரீமியம் பிறப்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். எளிமைக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரே வயதுடைய ஆயிரம் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இவ்வாண்டில் இறப்பவர் குடும்பத்திற்கு ஆயிரம் ரூபாய் தருவதென்று தீர்மானிக்கின்றனர். அவ்வயதில் ஆயிரத்துக்கு மூவர் இறப்பர் என்று அட்டவணை கூறுமாயின், மூவாயிரம் ரூபாய் தேவை. ஆளுக்கு மூன்று ரூபாய். ஆனால் அடுத்த ஆண்டு எல்லாருக்கும் ஒரு வயது கூடிவிடும். இருபதாண்டு சென்றபின் மூன்று ரூபாய் எந்த மூலைக்கும் போதாது. முதுமையில் கட்டணத்தை உயர்த்தினால் கட்டுவாரும் இரார். ஆகவே தொடக்கத்திலேயே சற்று மிகுதியாக, ஆண்டுதோறும் ஒரே அளவாக வாங்கி, மிகுந்ததை வட்டிக்கு விட்டுப் பிற்காலத்திற்கு வைத்திருக்கின்றனர். வைத்திருக்கும் பணம் வரப்போகும் கடனுக்கு ஈடாகுமா என்று அவ்வப்போது பார்த்துச் சொல்வதே ஆயுள் கணிப்பாளரின் தலையாய கடமை. பணம் குறைகிறது என்பது ஊரார் கண்ணுக்குத் தெரியும் நாளில் அதைச் சீர்செய்யும் காலம் கடந்திருக்கும்.

இவை யாவும் அட்டவணையின் மேல் நிற்கின்றன. அட்டவணையோ, யாருடைய பிறப்பும் இறப்பும் ஏட்டில் ஏறியிருக்கின்றனவோ அவர்களை மட்டுமே அறியும். இங்கிலாந்தே இதற்காக ஒரு முறை பெரும்பொருள் இழந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ரிச்சர்டு பிரைஸ் என்பவர் நார்த்தாம்டன் நகரத்து மாதாகோயில் ஏடுகளைக் கொண்டு ஓர் அட்டவணை அமைத்தார். அந்நகரில் பாப்டிஸ்டு சபையார் பலர் இருந்தனர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவர்கள் வழக்கமன்று. ஆகவே அவர்கள் வீட்டுப் பிறப்புகள் ஞானஸ்நான ஏட்டில் இல்லை. இறப்புகள் மட்டும் அடக்க ஏட்டில் ஏறின. விளைவாக, நார்த்தாம்டன்வாசிகள் உண்மையைவிட விரைவில் மாண்டு போவோராக அட்டவணையில் தோன்றினர். அதை நம்பி வாழ்நாள் முழுதும் ஆண்டுத்தொகை தருவதாகப் பத்திரங்கள் விற்ற பிரிட்டிஷ் அரசாங்கம், வாங்கியவர்கள் அட்டவணைப்படி இறவாமல் வாழ்ந்துகொண்டே இருந்ததால் நட்டப்பட்டது. ஜான் ஃபின்லேசன் என்ற கணிப்பாளர் 1829-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அந்த அட்டவணைக்கு முடிவு கட்டியது.

சொந்த நாட்டிலேயே இவ்வாறெனின், ஆண்ட நாட்டில் எவ்வாறு இருந்திருக்கும்? 1818-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஓரியண்டல் என்ற ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி தோன்றியது. 1829-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மெட்ராஸ் ஈக்விடபிள் தோன்றியது. இத்தகைய கம்பெனிகள் இந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியரின் தேவைக்காகத் தொடங்கப் பெற்றவை. இந்தியர்களைப் பிற்பாடு, பாபு முத்திலால் சீல் போன்ற பெரியோரின் முயற்சியால், சேர்த்துக்கொள்ளத் தொடங்கினர். சேர்த்தபோதும் இந்திய உயிரைத் தரங்குறைந்த உயிராகக் கொண்டு, வழக்கமான பிரீமியத்திற்கு மேல் கனத்த கூடுதல் தொகை விதித்தனர். 1870-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்தியர்களைச் சாதாரணக் கட்டணத்தில் ஏற்ற முதல் இந்திய நிலையம்.

அந்தக் கூடுதல் தொகை வெறும் இனச்செருக்கின் விளைவு என்று சொல்லிவிடுவது எளிது. செருக்கு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனினும் ஆழமான காரணம் அறியாமை. இந்தியன் எவ்வளவு காலம் வாழ்கிறான் என்பது கம்பெனிக்குத் தெரியாது. தெரியாததற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைத் தெரிந்துகொள்ளாதவர் செலுத்தவில்லை, தெரியப்படாதவர் செலுத்தினார். நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்ட செய்தி ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றவை இதன் விவரங்கள்.

பிறப்பு இறப்புப் பதிவு இல்லாத நாட்டில் ஆயுள் அட்டவணை அமைப்பது எங்ஙனம்? பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கே கிடைத்த ஒரே வழி. 1881, 1891, 1901 ஆகிய கணக்குகளின் வயதுப் பட்டியல்கள் ஜி. எஃப். ஹார்டி என்ற ஆங்கிலக் கணிப்பாளரிடம் சென்றன. முந்திய கணக்கில் இருபது வயதினராக இருந்தோர் பிந்திய கணக்கில் முப்பது வயதினராக எத்தனை பேர் எஞ்சினர் என்று பார்த்தால், இடையில் இறந்தோர் தொகை தெரியவரும் அல்லவா? முறை அழகியது. ஆனால் பட்டியலைத் திறந்து பார்த்தவர் திடுக்கிட்டிருப்பார். முப்பது வயதினர் மலைபோல் நிற்க, இருபத்தொன்பதும் முப்பத்தொன்றும் பள்ளமாகக் கிடந்தன. நாற்பது, ஐம்பது, அறுபதிலும் அதே கோலம். ஐந்தில் முடியும் வயதுகளில் சிறு குன்றுகள். வயது கேட்கப்பட்ட குடியானவர் 'ஒரு நாற்பது இருக்கும்' என்றார். எழுதுபவர் நாற்பது என்று எழுதினார். மலையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, சீரான ஒரு வளைகோடாக ஆக்குவதிலேயே கணிப்பாளரின் திறமையில் பெரும்பகுதி செலவாயிற்று.

நம்மவரிடையே இன்னொரு சிக்கலும் உண்டு. முப்பத்தைந்து நிறைந்து முப்பத்தாறு நடக்கும் ஒருவர் தம் வயதை முப்பத்தாறு என்றே சொல்வார். நிறைந்த வயது, நடப்பு வயது என்ற இரண்டையும் தமிழ் பிரித்துச் சொல்லும். கணக்கெடுப்பவரின் தாளில் ஒரே கட்டம்தான் இருக்கும். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், முன்னோ பின்னோ எந்தப் பிறந்தநாள் அண்மையில் இருக்கிறதோ அந்த வயதை எழுதுமாறு பணித்தனர். இன்ஷூரன்ஸ் பாலிஸிகளிலும் இம்முறை நெடுங்காலம் வழங்கியது.

குழந்தை இறப்பைப் பற்றிய கதை இதனினும் விநோதமானது, சற்றுத் துயரமானதும்கூட. கைக்குழந்தைகளைப் பற்றி மக்கள்தொகைக் கணக்கு நம்பத்தகுந்த விடை தருவதில்லை. ஆனால் வடமேற்கு மாகாணங்களில், பெண் சிசுக்களைக் கொல்வதாக ஐயுறப்பட்ட சில குலத்தாரை 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் அறிவிக்கப்பட்ட குலங்கள் என்று வகுத்து, அவர்கள் வீட்டுப் பிறப்பு இறப்புகளை மட்டும் மிகக் கண்டிப்பாகப் பதிவு செய்து வந்தது. நாட்டில் ஓரளவு நம்பத்தகுந்த பதிவு அதுவே. இளம் வயது இறப்பைக் கணிக்க ஹார்டி அப்பதிவுகளைத் துணைக்கொண்டார். நல்ல குடிமகனின் குழந்தை பிறந்ததை எவரும் எழுதவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் வீட்டுக் குழந்தையையே எழுதினர். காவலுக்காக வைத்த ஏடு கணிதத்துக்கு உதவிற்று.

இவ்வாறு வடிகட்டி எடுத்த எண்களைக் கேளுங்கள். பிறந்த குழந்தை சராசரியாக வாழக்கூடிய காலம், 1871 முதல் 1881 வரையிலான பத்தாண்டில் ஆணுக்கு 23.67 ஆண்டு, பெண்ணுக்கு 25.58 ஆண்டு. முப்பதாண்டு கழித்து, 1901 முதல் 1911 வரையிலான பத்தாண்டில் ஆணுக்கு 22.59, பெண்ணுக்கு 23.31. ரயிலும் தந்தியும் பல்கலைக்கழகமும் வந்த முப்பதாண்டில் ஆயுள் வளரவில்லை, சுருங்கியது. இடையில் 1896-97, 1899-1900 ஆகிய ஆண்டுகளின் பஞ்சங்கள் இருந்தன. 1896-இல் பம்பாயில் புகுந்த பிளேக் இருந்தது. ஆட்சியின் நன்மை தீமைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் பலர். தசம புள்ளியுடன் கூடிய இந்த எண்களைக் காட்டிலும் அழுத்தமாகச் சொன்னவர் இல்லை என்பது என் கருத்து. அவற்றை எழுதியவர்களும் அரசாங்கத்தின் வேண்டுகோளின்பேரில் எழுதிய ஆங்கிலக் கணிப்பாளர்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சராசரி ஆயுள் இருபத்து மூன்று என்றால் எல்லாரும் இருபத்து மூன்றில் இறந்தனர் என்று பொருளன்று. பிறந்த குழந்தைகளுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளையே காணவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி அக்குழந்தைகளைக் காண்பதே இல்லை. அதன் வாயிலுக்கு வருபவர் இருபது வயது கடந்தவர், வருமானம் உள்ளவர், டாக்டரின் சோதனையில் தேறியவர். ஆகவே நாட்டு மக்களின் அட்டவணை ஒன்று, பாலிஸிதாரர்களின் அட்டவணை வேறொன்று. இரண்டாவதை இந்திய அனுபவத்தைக் கொண்டே அமைக்கும் வாய்ப்பு, 1874-ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய ஓரியண்டல் கவர்ன்மென்ட் செக்யூரிட்டி கம்பெனிக்குக் கிட்டியது. அதன் கணிப்பாளர் எல். எஸ். வைத்தியநாதன். அவரே 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் ஆயுட்கணிப்பு அறிக்கையையும் எழுதினார். ஹார்டி, ஆக்லாண்டு, மெய்க்கில் ஆகிய ஆங்கிலேயர் மூவருக்குப்பின் அப்பணி முதன்முறையாக ஓர் இந்தியர் கைக்கு வந்தது. ஓரியண்டல் பாலிஸிதாரர்களின் 1925 முதல் 1935 வரையிலான அனுபவத்தில் எழுந்த அட்டவணை, இந்நாட்டு இன்ஷூரன்ஸ் துறையில் ஒரு தலைமுறைக்கு மேல் ஆட்சி செலுத்தியது.

இவ்வட்டவணைக்கு வெளியே இருந்தவர்களின் கதி என்ன? ஏழைகளுக்கென்று பிராவிடண்ட் சங்கங்கள் முளைத்தன. அவற்றுள் பல, வந்த சந்தாவை அவ்வப்போது இறந்தவர் குடும்பங்களுக்குப் பங்கிட்டுவிடும் முறையைக் கைக்கொண்டன. அட்டவணையும் இல்லை; கணிப்பாளரும் இல்லை. முன்னே இறந்தவர்க்குப் பணம் கிடைத்தது; பின்னே இறந்தவர்க்குச் சங்கமே கிடைக்கவில்லை. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுள் கம்பெனிகளின் கட்டண விகிதங்களுக்கு ஆயுள் கணிப்பாளரின் சான்று வேண்டும் என்று விதித்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் பங்கீட்டு முறையை அறவே தடை செய்தது. மத்திய சர்க்கார் ஊழியர்கள் நன்கறிந்த அஞ்சல் ஆயுள் காப்பீட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1884 பிப்ரவரி 1-இல் அஞ்சல் ஊழியர்களுக்காக அது தொடங்கியது. பெண்களின் ஆயுளை வேறெந்த நிலையமும் ஏற்காத காலத்தில், 1894-இல், அஞ்சல் தந்தித் துறையின் பெண் ஊழியர்களை அது சேர்த்துக்கொண்டது. ஆண்டவர்களின் இலாகா ஒன்று செய்த நல்ல காரியம், மறைக்க வேண்டியதில்லை.

சுதந்திரத்திற்குப்பின் நிகழ்ந்த பெரிய மாறுதலை வானொலி வாயிலாகவே நாடு அறிந்தது. 1956 ஜனவரி 19 அன்று நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் வானொலியில் பேசி, ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசவுடைமையாவதை அறிவித்தார். 154 இந்தியக் கம்பெனிகளும், 16 அயல்நாட்டுக் கம்பெனிகளும், 75 பிராவிடண்ட் சங்கங்களும் ஒன்றாகி, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. கிராமங்களுக்குச் செல்வதே அதன் நோக்கம் என்றனர். பெருமளவு சென்றும் இருக்கிறது. ஆனால் அட்டவணை மட்டும் பழையதாகவே இருந்தது. 1925-35-இன் ஓரியண்டல் அட்டவணையே நெடுங்காலம் அடிப்படையாக நின்றது. கார்ப்பரேஷன் தன் சொந்த அனுபவத்தில் அமைத்த முதல் அட்டவணை 1970-73-க்கு உரியது. அதற்கிடையில் நாட்டில் என்ன நடந்தது? 1941-51-இல் முப்பத்திரண்டு ஆண்டளவாக இருந்த சராசரி ஆயுள் 1970-75-இல் ஐம்பதை நெருங்கியது. மலேரியாவும் அம்மையும் பின்வாங்கின. மக்கள் புதிய ஆயுளை வாழ்ந்தனர். கணக்கோ தாத்தாக்களின் இறப்பை மனத்தில் கொண்டிருந்தது. மிகுந்த பணம் போனஸாகத் திரும்பியது என்பர். இலாபத்தில் பங்குள்ள பாலிஸி வைத்திருந்தவர்க்கு அது ஓரளவு திரும்பியது. பங்கில்லாத மலிவுப் பாலிஸி எடுத்தவர்க்குத் திரும்பவில்லை. மிகுந்த எச்சரிக்கை கணிப்பாளருக்கு அழகுதான். அந்த எச்சரிக்கையின் செலவை யார் தலையில் வைப்பது என்பது கணிதம் மட்டும் விடையளிக்கும் கேள்வியன்று.

2000-ஆம் ஆண்டிலிருந்து தனியார் கம்பெனிகளும் மீண்டும் வந்துள்ளன. இந்திய ஆயுள் கணிப்பாளர் நிறுவனம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. நூற்று நாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுள் முழுத் தகுதி பெற்ற கணிப்பாளர் சில நூறு பேரே, தேர்வுகள் கடினமானவை. 2015 மே மாதத்தில் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தை நேயர்கள் அறிவர். வங்கிக் கணக்குள்ள எவரும் பதினெட்டு முதல் ஐம்பது வயதுக்குள் சேரலாம்; இரண்டு லட்ச ரூபாய்க் காப்பு; ஆண்டுக்கு 330 ரூபாய். பதினெட்டு வயதினருக்கும் ஐம்பது வயதினருக்கும் ஒரே கட்டணம் என்பதே இதன் சிறப்பு. நான் மேலே சொன்ன கணக்கின்படி இது இலக்கணப் பிழை. இளையவர் மூத்தவருக்காகக் கட்டுகிறார். ஆனால் வயதுச் சான்றைத் துருவித் துருவிக் கேட்டிருந்தால் கோடிக்கணக்கானோர் வாயிலிலேயே நின்றிருப்பர். தெரியாமையின் விலையை ஒருவர் தலையில் கட்டாமல் எல்லாருக்கும் பங்கிட்டிருக்கிறார்கள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இனாமாக அன்று, கோரிக்கைகள் வரவை மிஞ்சியதால் 2022 ஜூன் 1 முதல் கட்டணம் 436 ரூபாயாயிற்று.

நாட்டு மக்களின் அட்டவணை இன்று மாதிரிப் பதிவு முறையிலிருந்து வருகிறது. தேர்ந்தெடுத்த கிராமங்களிலும் நகரப் பகுதிகளிலும் ஒருவர் பிறப்பு இறப்புகளை அன்றாடம் எழுதுகிறார். ஆறு மாதத்திற்கொரு முறை வேறொருவர் தனியே சென்று விசாரிக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிக்கின்றனர். அதன்படி 2016-20-இல் சராசரி ஆயுள் 70 ஆண்டு. முன்னே கேட்ட இருபத்து மூன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எனினும், 2020-இல் பதிவான இறப்புகளுள் இன்ன நோயால் இறந்தார் என்று டாக்டர் சான்றளித்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கும் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அதை நடத்துவதென 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்விஷயத்தில் தனி இடர் ஒன்று உண்டு. தில்லியில் என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், தஞ்சை மாவட்டத்துக்காரர், மூன்று பிறந்த தேதிகளுக்கு உரியவர். ஜாதகத்தில் ஒன்று, பள்ளியில் சேர்ப்பதற்காகத் தந்தையார் சொன்னது ஒன்று, ஆதார் அட்டையில் வருடம் மட்டும் அறிந்து யாரோ இட்ட ஜனவரி முதல் தேதி ஒன்று. பாலிஸி முதிர்ந்தபோது, தேதிகள் பொருந்தவில்லை என்று அவரைப் பல மாதம் அலைக்கழித்தனர். ஜாதகத்தை வயதுச் சான்றாக ஏற்கும் வழக்கம் இன்ஷூரன்ஸில் உண்டு. ஆனால் அது இரண்டாந்தரச் சான்று. பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் முதல்தரச் சான்றுகள். 2023 அக்டோபர் 1-க்குப்பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பல காரியங்களில் பிறப்புச் சான்றிதழே சான்று என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. ஆகவே பிரசவத்திற்குத் தாய்வீடு சென்று கும்பகோணத்தில் குழந்தை பெற்றவர்கள், தில்லிக்கோ நாகபுரிக்கோ திரும்புமுன் பெயருடன் கூடிய சான்றிதழைக் கையோடு வாங்கி வருவது நலம்.

இறப்பும் அப்படியே. எங்கே நிகழ்ந்ததோ அவ்விடத்துப் பதிவாளரிடமே இருபத்தொரு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். சொந்த ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்க இயலாது. காரியங்களுக்காக உடனே ஊருக்குப் புறப்பட்டுவிடும் குடும்பங்கள் இதைப் பின்னர்தான் அறிகின்றன. பாலிஸியில் வாரிசாக நியமிக்கப் பெற்றவரின் பெயர் திருமணத்திற்கு முன் எழுதிய தாயாரின் பெயராகவே இருந்துவிடுவதும் உண்டு. அதை மாற்ற ஒரு படிவம் போதும்.